கிரேன் காலில் கட்டிய தூளி

கரண்ட் போனதும் சைட்டு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. கலவை மிஷின் தானாக ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது, கம்பி வெட்டுகிற மிஷின் நின்றது, தண்ணீர் மோட்டார் நின்றது. இந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து இருந்து அது சத்தம் என்றே தெரியாமல் போயிருந்தது, இப்போது காது அடைத்த மாதிரி இருக்கிறது. மணல் குவியல் ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது மாடிச் சாரத்தில் பூசிக்கொண்டிருந்த இந்திக்கார ஆட்கள் இரண்டு பேரும் பலகையிலேயே காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் உட்கார முடியாது. என் கையில் கயிறு இருக்கிறது. கயிற்றின் அந்தப் பக்கத்து நுனி, அவர்கள் உயரத்துக்குத் தொங்குகிற கம்பிக்கட்டின் ஒரு முனையில் கட்டியிருக்கிறது. கிரேன் அதைத் தூக்கிப் பாதி சுற்றும்போது கரண்ட் போனது. சுற்றின இடத்திலேயே கட்டு நிற்கிறது. அதற்கு நேர் கீழே தகரத் தடுப்பு. தடுப்புக்குள்ளே கிரேனின் கால், கோபுரமாக எழும்புகிற இரும்புச் சட்டத்தின் அடி. அந்தக் காலில் என் மஞ்சள் சேலை, தூளியாக. தூளிக்குள்ளே தன்ஷிகா.

எத்திராஜ் அண்ணன் வருவார், வந்துவிடுவார். அவர்தான் கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுகிறவர், மேலே கூண்டில் இருக்கிற தவசி அண்ணனுக்கு இப்படித் திருப்பு அப்படி இறக்கு என்று வாக்கி டாக்கியில் சொல்கிறவர். போகும்போது என்னிடம், "மோனிஷா, கயித்த விட்றாத. காத்து அடிக்குது பாரு, நீ விட்டீனா கட்டு திரும்பி நேரா சாரத்துல போய்க் குத்தும், மேல ஆளு இருக்கு. தோ, ஜெனரேட்டரப் போடச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். நான் சரிண்ணே என்றேன். எதற்கு எடுத்தாலும் சரிண்ணே. காலையில் அவர், "இன்னிக்கு பம்ப் வண்டி அந்தப் பக்கம் நிக்குது, அதனால கட்டு இந்தப் பக்கமா சுத்தி வரும், பாத்துக்க" என்று சொன்னபோதும் சரிண்ணே என்றுதான் சொன்னேன். இந்தப் பக்கம் என்றால் தடுப்பு இருக்கிற பக்கம் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் கட்டு கடந்து போக எவ்வளவு நேரம், கண்ணை மூடித் திறக்கிற நேரம், மேலேயே போய்விடும், ஒன்றும் ஆகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கட்டு நடுவில் நின்றுபோகும் என்று யார் நினைப்பார்கள். பஸ் நிற்கும், மிஷின் நிற்கும். ஆகாயத்தில் போகிறது நிற்குமா. சாரத்தை ஒட்டிவிடக் கூடாது என்று தவசி அண்ணன் கொக்கியை உள்ளே இழுத்து, கிரேன் பக்கமாக நெருக்கிக் கொண்டுவந்திருந்தார். அந்த நெருக்கத்தில் நின்றுவிட்டது.

தடுப்பில் ஒரு போர்டு இருக்கிறது. அஞ்சாவது வரைக்கும் படித்தவளுக்கு அந்த எழுத்து கஷ்டமில்லை. ஆட்கள் நுழையக் கூடாது. பச்சையம்மா அக்கா அந்தப் போர்டைக் காட்டித்தான் சொன்னாள், "ஆளுங்க நொழையாத எடம்டி இது. லாரி வராது, கலவத் தள்ளுவண்டி வராது, சூப்பர்வைசர் எட்டிப் பாக்க மாட்டான். சைட்லயே புள்ளைக்கு இத வுட நல்ல எடம் ஏது." அவள் தன் மகனை இங்கேதான் தூளியில் போட்டு வளர்த்தாள், இப்போது அவன் ஓடுகிறான். அவளுக்கு முந்தி வேறு ஒருத்தி. நாங்கள் தங்குகிற ஷெட்டில் ஒரு ரூமில் ஆயா வைத்திருக்கிறார்கள், நடக்கிற பிள்ளைகளை மட்டும்தான் பார்த்துக்கொள்வாள், கைப்பிள்ளை என்றால் வீட்டோடு இரு என்பாள். வீடு எது. வேலை இருந்தால்தான் ஷெட்டு. என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் வேறு சைட்டில் கம்பி கட்டுகிறார், அந்த ஷெட்டில் பொம்பளைகளைச் சேர்ப்பதில்லை. அதனால் விடிந்ததும் நாப்கினும் பால் புட்டியும் அன்னக்கூடைக்கு அடியில், பிள்ளை முந்தானைக்குள், கேட்டில் வாட்ச்மேன் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே வந்துவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது, அதை யார் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கிரேன் திரும்பும்போதெல்லாம் அதன் கால் லேசாக அதிரும். கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால் தெரியும். தூளி தானாக ஆடும். யாரும் ஆட்டிவிட வேண்டாம், தாலாட்டு வேண்டாம். தன்ஷி நாள் முழுக்கத் தூங்குவாள். கிரேனே தூங்கவைக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சாயந்திரம் ஷெட்டுக்குப் போனால் ஆடாத தரையில் தூக்கம் வராமல் அழுவாள்.

இப்போது ஆடவில்லை. கரண்ட் இல்லை, கிரேன் இல்லை, ஆட்டம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் முழித்துவிடுவாள். முழித்தால் அழுவாள். இவ்வளவு அமைதியில் அழுதால் கேட் வரைக்கும் கேட்கும். அழக் கூடாது என்று நினைக்கிறேன், அடுத்த நிமிஷமே அழட்டுமே என்று நினைக்கிறேன், அழுதால் யாராவது போய் எடுப்பார்கள், நான் வாயைத் திறக்க வேண்டாம். என்ன அம்மா நான். கட்டைப் பார்க்காதே, கட்டைப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே கட்டைத்தான் பார்க்கிறேன். எப்போதும் இரண்டு இடத்தில் பெல்ட் மாட்டித் தூக்குவார்கள், கட்டு தராசு மாதிரி நேராக நிற்கும். இன்றைக்கு ஒரு பெல்ட் கிழிந்து கிடக்கிறது, புதுசு வரவில்லை, மேலே கம்பி இல்லாமல் வேலை நிற்கிறது என்று ஒரே பெல்ட்டை நடுவில் இறுக்கித் தூக்கிவிட்டார்கள். நடு கொஞ்சம் நடுவாக இல்லை. அதனால் தடுப்புப் பக்கத்து முனை தாழ்ந்து தொங்குகிறது. அந்த முனையில் மற்ற கம்பிகளை விட்டு ஒரே ஒரு கம்பி மட்டும் முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தூக்கும்போதே அப்படி இருந்ததா. இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சாண் நீளம் இருந்ததா, முழம் இருந்ததா. பின்னால் இருக்கிற சுவரில் ஒரு ஈரக்கறை, கம்பி நுனி அந்தக் கறைக்கு மேலே இருக்கிறது. கறைக்கு மேலேதான் இருக்கிறது. இமைத்தால் தப்பு நடந்துவிடும் போல, கண் எரிகிறது. கறையா காய்கிறது, கம்பியா இறங்குகிறது.

கூப்பிடலாம். மணல் குவியல் என்ன தூரம், பச்சையம்மா அக்கா முகத்தில் இருக்கிற வியர்வை தெரிகிறது. அக்கா என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வராது. எனக்கு எப்போதும் வராது. தன்ஷி வயிற்றில் இருக்கும்போது ஒருநாள் செஞ்சிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். எங்கள் ஊர் ஸ்டாப்பிங் வந்தது, இறக்கம் என்று சொல்ல வேண்டும், கண்டக்டர் முன்னால் நிற்கிறார், நடுவில் அத்தனை ஆட்கள், சொல்கிறேன் சொல்கிறேன் என்று வாயை அசைத்தேன், பஸ் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஊரில் வேறு யாரோ இறங்கும்போது இறங்கி, பெரிய வயிற்றோடு மழையில் திரும்பி நடந்தேன். வீட்டில் கேட்டதற்கு பஸ் நிற்கவில்லை என்று சொன்னேன். பிரசவத்திலும் அப்படித்தான். பக்கத்துப் பெட்டுக்காரிகள் அம்மா அப்பா என்று கத்தினார்கள், நர்சம்மா அவர்களிடமே ஓடினாள். நான் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தலை வெளியே வந்த பிறகுதான் பார்த்தாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்க, சொல்ல வேணாமா" என்று அதட்டினாள். எனக்கு அப்போதும் சிரிக்கத்தான் தெரிந்தது. ஊமைச்சி என்று மாமியார் சொல்வது கோபமாகச் சொல்வதில்லை, பெயர் மாதிரியே சொல்வார். கூப்பிட்டுப் பழகாத வாய். கூப்பிட்டால் என்ன ஆகும் என்றால், எல்லாரும் திரும்புவார்கள். அதுதான். எல்லாரும் திரும்புவார்கள்.

"இன்னாடி மோனிஷா, பட்டம் வுடறியா," என்கிறாள் பச்சையம்மா அக்கா. பெண்கள் சிரிக்கிறார்கள். "நல்லா வுடு, மாஞ்சா போட்டு வுடு. பாத்து, உன்னியும் சேத்துத் தூக்கினு போயிடப் போவுது." நான் கண்ணால் தடுப்பைக் காட்டுகிறேன். கட்டைக் காட்டுகிறேன். மறுபடி தடுப்பு. அவளுக்குப் புரியவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் கட்டு சாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும், தடுப்புக்கு மேலே என்று தெரியாது. "கண்ண ஏண்டி அந்த உருட்டு உருட்டற, தண்ணி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிறாள், பாட்டிலை எடுக்கிறாள், வருகிறாள். வா அக்கா வா. பக்கத்தில் வந்தால் போதும், காதில் சொல்லிவிடுவேன், மெதுவாகச் சொன்னால் என் வாய் சொல்லும். ஓரடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். கேட் பக்கமிருந்து சேஃப்டி சார் வருகிறார். வெள்ளை ஹெல்மெட், போனில் பேச்சு. பச்சையம்மா அக்கா பாட்டிலைத் திறந்து, தனக்குத்தான் தாகம் என்கிற மாதிரி தானே குடித்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். சார் வந்து எனக்கும் மணல் குவியலுக்கும் நடுவில் நிற்கிறார். இங்கிலீஷில் பேசுகிறார். எவ்வளவு பக்கம் என்றால் அவர் சட்டையிலிருந்து சோப்பு வாசம் வருகிறது. தினமும் காலையில் எங்களை வரிசையில் நிற்கவைத்து இவர்தான் சொல்வார், தொங்குகிற சாமானுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது, பிரேக்கை நம்பாதே, பெல்ட்டை நம்பாதே, தூக்குகிறது எதுவானாலும் விழும் என்று நினைத்துக்கொண்டு வேலை செய். நான் கடைசி வரிசையில் நின்று தலையாட்டுவேன். போன மாதம் ஒருத்தி தன் பிள்ளையைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் வைத்திருந்ததை இவர் கண்டுபிடித்தார். அன்று மத்தியானமே அவள் பாத்திரம் பண்டமெல்லாம் ஷெட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. ரூல்ஸ் என்றார், அவ்வளவுதான்.

காற்று வருகிறது. முதலில் தடுப்புத் தகரம் படபடக்கும், அப்புறம் கயிறு இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்க நேரமிருக்கும் என்று கற்றுக்கொண்டிருக்கிறேன். கட்டு மெதுவாக, யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற மாதிரி, சாரத்தின் பக்கம் திரும்பப் பார்க்கிறது. காலை அகட்டி இழுத்துப் பிடிக்கிறேன். சாரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்திராஜ் அண்ணன் போகும்போது இறங்குங்கடா என்று கத்திக் கையாட்டினார், அவர்களும் பதிலுக்குக் கையாட்டினார்கள். பூச்சுக் கலவை காய்ந்துவிடும் என்று இறங்காமல் இருக்கிறார்கள். மீசைக்காரர் ஒருவர் கீழே பார்த்துச் சிரிக்கிறார், நாக்கை நீட்டுகிறார், தலையை ஆட்டுகிறார். என்னைப் பார்த்தா. கூச்சமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது, தலையைக் குனிந்துகொள்கிறேன். குனிந்தால் கம்பி தெரியாது. நிமிர்கிறேன். அவர் இன்னும் சிரிக்கிறார். நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடினால் தன்ஷியை எடுத்துவிடலாம். கட்டு திரும்பும். நாற்பதடிக் கம்பி. அந்த மீசைக்காரருக்கும் ஒரு ஊர் இருக்கும், அங்கே இவருடைய போனுக்காக ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். விடலாமா, விடலாமா என்று இவ்வளவு நேரமாக நினைக்கிறேனே, விட முடியாது என்பதே இப்போதுதான் உறைக்கிறது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியபோது கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன். செய்யாதே என்று எத்திராஜ் அண்ணன் முதல் நாளே சொன்னார். கட்டு போனால் கையும் கூடப் போகும், அவசரம் என்றால் விரலைத் திறந்து விட்டுவிட வேண்டும், அதற்குத்தான் கயிறு கையில் சும்மா இருக்க வேண்டும் என்றார். இப்போது கயிறு இறுகி, விரல் நுனி நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கையால் அந்தச் சுற்றை எடுக்க வேண்டுமென்றால் இழுவை குறைய வேண்டும், இழுவை குறைய வேண்டுமென்றால் காற்று நிற்க வேண்டும், காற்று நின்றால் நான் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கட்டு என்னைப் பிடித்திருக்கிறது, நான் கட்டைப் பிடித்திருக்கிறேன். பால் கட்டி மார் வலிக்கிறது. அவள் குடிக்கிற நேரம். ஜாக்கெட்டுக்கு உள்ளே ஈரம் இறங்குவது தெரிகிறது, வியர்வை இல்லை, வியர்வை இப்படிச் சூடாக இருக்காது.

மஞ்சள் சேலை அசைகிறது. காற்றுக்கு அசைகிற மாதிரி இல்லை, உள்ளே இருந்து உதைக்கிற அசைவு. தடுப்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாகத் தூளியின் அடி தெரியும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முழித்துவிட்டாள். அழவில்லை. ஏன் அழவில்லை. அழுவதற்குப் பதிலாக ஒரு சத்தம் கொடுக்கிறாள், யாரையோ பார்த்து விளையாடுகிறபோது கொடுக்கிற சத்தம். சாரத்தில் மீசைக்காரர் மறுபடி நாக்கை நீட்டுகிறார். அட, இவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே இருக்கிறவருக்குத் தடுப்புக்குள்ளே தெரிகிறது. என் பிள்ளை ஆகாயத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், அவர் அவளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறார். அவள் மல்லாந்து எதைப் பார்க்கிறாள். அவரையும் பார்ப்பாள், அவருக்கும் அவளுக்கும் நடுவில் தொங்குகிறதையும் பார்ப்பாள். பளபளவென்று இருக்கிறது என்று கையை நீட்டுவாள். எதைக் கண்டாலும் கையை நீட்டுகிற வயசு. அப்போது ஒரு சத்தம். கர் என்று, பல்லைக் கடிக்கிற மாதிரி, இரும்பு இரும்பை உரசுகிற சத்தம், அமைதியாக இருந்ததால்தான் கேட்டது. ஈரக்கறையைப் பார்க்கிறேன். கம்பி நுனி கறைக்குக் கீழே இருக்கிறது.

என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வார்த்தையாக வரவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது, தொண்டை கிழிந்த மாதிரி எரிகிறது, அதற்குப் பின்னால்தான் வார்த்தை வருகிறது, புள்ள, உள்ள புள்ள இருக்குது, கிரேன் காலாண்ட புள்ள. எல்லாரும் திரும்புகிறார்கள். இவ்வளவு காலமாக நான் பயந்துகொண்டிருந்தது இதுதான், இத்தனை முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம். சார் போனைக் காதிலிருந்து எடுக்கிறார். பச்சையம்மா அக்கா எழுந்து கட்டைப் பார்த்து, தடுப்பைப் பார்த்து, வாயில் கை வைக்கிறாள். யாரும் அசையவில்லை. அசைந்தது மீசைக்காரர்தான். அவருக்குப் புள்ள என்கிற சொல் புரிந்ததோ, என் முகம் புரிந்ததோ, அண்ணாந்து கம்பியைப் பார்த்தார், சாரக் குழாயைப் பிடித்து வழுக்கி இறங்கினார், போர்டுக்குப் பக்கத்தில் தடுப்பைத் தாண்டிக் குதித்தார். இப்போது கம்பிக்கு அடியில் இரண்டு பேர். நான் கயிற்றை இழுக்கிறேன், முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுக்கிறேன், எலும்பு வரைக்கும் கயிறு போகட்டும், கட்டு ஆடக் கூடாது, ஒரு நூல் ஆடக் கூடாது, அவர் வெளியே வருகிற வரைக்கும். தூளி முடிச்சு அவிழவில்லை போல, தகரத்துக்குப் பின்னால் அவர் தலை மட்டும் தெரிகிறது, குனிகிறது, நிமிர்கிறது. வருகிறார். தோளில் தன்ஷி. சிரிக்கிறாள்.

கம்பி விழவில்லை. கறைக்குக் கீழே ஒரு சாண் இறங்கினது அப்படியே நிற்கிறது, நான் பொய் சொன்ன மாதிரி நிற்கிறது. சார் மீசைக்காரரிடம் போகிறார், குழந்தையைப் பார்க்கிறார், பெண்கள் பக்கம் திரும்புகிறார். "யாரோட குழந்தை இது?" ஒருத்தி தரையைப் பார்க்கிறாள், ஒருத்தி முந்தானையைச் சரிசெய்கிறாள். பச்சையம்மா அக்கா என்னைப் பார்த்து, தலையை இல்லை என்று ஆட்டுகிறாள், தெரியாத அளவுக்கு. எனக்குப் புரிகிறது. நான் புள்ள என்றுதான் கத்தினேன். என் புள்ள என்று கத்தவில்லை. யாரும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சாயந்திரம் போய்ப் பச்சையம்மா அக்காவை விட்டு வாட்ச்மேனிடம் பேசி வாங்கிக்கொள்ளலாம், வேலை இருக்கும், ஷெட்டு இருக்கும். "யாருமே இல்லையா," என்கிறார் சார். "தானா மொளச்சு வந்துச்சா? சரி, கேட்டுல குடுத்துட்டு வாப்பா. ஸ்டேஷனுக்குச் சொல்லிக்கலாம்." கையால் கேட்டைக் காட்டுகிறார். மீசைக்காரர் நடக்கிறார். ஷெட்டு. ஸ்டேஷன். அவர் வீசிவீசி நடக்கிற நடைக்குத் தன்ஷி தலை ஆடுகிறது, அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துவிட்டாள், கையை நீட்டுகிறாள், உதடு பிதுங்குகிறது. என்னுது, என்கிறேன்.

அந்த நேரம் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. கலவை மிஷின் கடகடக்கிறது, மோட்டார் இரைகிறது, கிரேன் முனகுகிறது, எத்திராஜ் அண்ணன் ஓடிவந்து கம்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "தவசி, எறக்கு எறக்கு, மெதுவா, தடுப்ப வுட்டு வெளிய எடுத்து எறக்கு" என்று வாக்கியில் கத்துகிறார். "மோனிஷா, புடிச்சுக்க, தரைக்கு வர்ற வரைக்கும் விட்றாத." நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. சார் முதுகைக் காட்டி நிற்கிறார். மீசைக்காரர் கேட்டுக்கு முன்னால் நிற்கிற லாரி வரைக்கும் போய்விட்டார். கட்டு நகர்கிறது, நானும் அதோடு நகர்கிறேன், அது கிழக்கே போனால் கிழக்கே, பின்னுக்கு வந்தால் பின்னுக்கு. கேட் இருப்பது மேற்கே. சார், என்கிறேன். அவர் திரும்பவில்லை. மூச்சை இழுத்து, இத்தனை மிஷினுக்கும் மேலே, சைட்டு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, சார் அது என் புள்ள, என் புள்ள சார், நான்தான் அங்கே கட்டினேன் என்று கத்துகிறேன். மீசைக்காரர் நிற்கிறார். சார் திரும்புகிறார். மறுபடியும் கத்துகிறேன், அவர்கள் கேட்டுவிட்டார்கள், ஆனாலும் கத்துகிறேன், கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, கட்டு தரைக்கு வருகிற வரைக்கும்.